எதை மறுபடி எடுப்பது?

1979இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிராட்லி எஃப்ரான், ‘ஆனல்ஸ் ஆஃப் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ இதழில் பூட்ஸ்ட்ராப் என்ற முறையை அறிமுகப்படுத்தினார். நூறு குடும்பங்களின் செலவுக் கணக்கு கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து சமவாய்ப்பில் ஒரு குடும்பத்தை எடுத்துக் குறித்துக்கொண்டு, திரும்ப உள்ளேயே சேர்த்துவிட்டு, அடுத்ததை எடுக்க வேண்டும். இப்படி நூறு தடவை எடுத்தால் ஒரு புதிய மாதிரி கிடைக்கும். சில குடும்பங்கள் அதில் இரண்டு மூன்று தடவை வரும். சில வரவே வராது. இதுபோல் ஆயிரம் மாதிரிகள் எடுத்து, ஒவ்வொன்றின் சராசரியும் எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்தால், முதலில் கணக்கிட்ட சராசரியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது தெரிந்துவிடும். இயல்நிலைப் பரவலை நம்பியிருக்க வேண்டாம். பிழைக்கான சூத்திரத்தையும் தேட வேண்டாம். பொருளாதார அளவியலில் கருதுகோளைச் சோதிக்கிற எவரும் இன்று இந்த முறையையோ இதன் கிளை ஒன்றையோ பயன்படுத்தாமல் இருப்பது அரிது. இதன் வரலாற்றைச் சொல்கிறவர்கள் வழக்கமாகக் கணினியிலிருந்து தொடங்குகிறார்கள்: கணக்கிடும் செலவு குறைந்தது, ஆகவே முறை பிறந்தது என்பார்கள். எனக்கு இது பாதிக் கதையாகவே படுகிறது. ஆயிரம் தடவை எடுக்கும் வலிமையைக் கணினி தந்தது உண்மை. எதை ஓர் அலகாகக் கொண்டு எடுப்பது என்பதை அது சொல்லவில்லை. இந்த முறை தவறான பதில் தந்த இடங்கள் பலவற்றில் தவறு அந்த ஒரு முடிவில்தான் இருந்தது. அந்தக் கேள்வியை மிகத் தெளிவாகக் கேட்டது 1930களின் வங்காளச் சணல் வயல்களில் நடந்த வேலை. எஃப்ரானுக்குப் பிறகும் பொருளாதார அளவியல் அதை மறுபடி கற்றுக்கொள்ள ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆயின.

கணினி இல்லாமலே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் வேலை நடந்தது என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. டப்ளினில் கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட், ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் 1908இல் வெளியிட்ட கட்டுரையில்தான் பின்னாளில் டி-சோதனை என்று பெயர் பெற்ற முறை முளைத்தது. சிறிய மாதிரிகளுக்கான சூத்திரத்தை வருவித்த பிறகும் அவருக்கு மனம் நிறையவில்லை. 3,000 குற்றவாளிகளின் உயரமும் இடது நடுவிரல் நீளமும் அடங்கிய ஒரு பட்டியல் கிடைத்தது. ஒவ்வொருவரின் அளவையும் ஓர் அட்டையில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக 750 மாதிரிகள் எடுத்தார். சூத்திரம் சொன்னதும் அட்டைகள் சொன்னதும் ஏறத்தாழ ஒத்துப்போயின. 1927இல் மாஸ்கோவில் யெவ்கேனி ஸ்லுட்ஸ்கி அரசு லாட்டரியில் விழுந்த எண்களை எடுத்து, அடுத்தடுத்த பத்தைக் கூட்டிக்கொண்டே போனார். வந்த வளைகோடு 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வணிக ஏற்ற இறக்கங்களைப் போலவே இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு லண்டனில் புள்ளியியலாளர் யூல், திருச்சபையில் நடந்த திருமணங்களின் விகிதத்துக்கும் இறப்பு விகிதத்துக்கும் 0.95 ஒட்டுறவு இருப்பதைக் காட்டி, காலத்தோடு நகரும் இரண்டு தொடர்கள் ஏன் இப்படி ஏமாற்றுகின்றன என்று விளக்கினார். காசெட்டின் அட்டைகளில் அலகு பற்றிய குழப்பம் கிடையாது. ஓர் ஆள், ஓர் அட்டை. ஒருவரின் விரல் நீளம் அடுத்தவரின் விரல் நீளத்தைத் தீர்மானிப்பதில்லை. யூலும் ஸ்லுட்ஸ்கியும் தொட்டதோ வேறு வகை உலகம். அங்கே இந்த ஆண்டின் எண்ணுக்குள் போன ஆண்டின் எண் பாதி ஒளிந்திருக்கிறது. பொருளாதாரத் தரவுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது உலகத்தைச் சேர்ந்தவை.

இந்தியாவில் இதே சிக்கல் நிலத்தில் எழுந்தது. விளைச்சலை ஊர் அலுவலர்கள் கண்ணால் பார்த்து, அணாக் கணக்கில் இத்தனை அணா விளைச்சல் என்று சொல்லும் வழக்கம் அப்போது இருந்தது. பிகார்–ஒரிசாவில் பணிபுரிந்த ஐ.சி.எஸ். அதிகாரி ஜான் ஹப்பக் இதை நம்பவில்லை. 1923 முதல் 1925 வரை நெல் வயல்களில் சமவாய்ப்பில் சிறு துண்டுகளைத் தேர்ந்து, அறுத்து எடை பார்க்க வைத்தார். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் தாம் உருவாக்கிய முறைகளுக்கு இந்த வேலை துணை நின்றது என்று புள்ளியியலாளர் ஆர்.ஏ. ஃபிஷரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அடுத்து வந்தவர் கல்கத்தா மாநிலக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் பி.சி. மஹலநோபிஸ். 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர், 1937 முதல் இந்திய மத்தியச் சணல் குழுவுக்காக வங்காளத்தின் சணல் பரப்பை மதிப்பிடும் வேலையை ஏற்றார். கிராம வரைபடத்தின் மேல் சமவாய்ப்பில் புள்ளிகளைத் தேர்ந்து, அங்கே ஒரு சதுரத்தை வரைந்து, அதற்குள் விழும் வயல்களில் சணல் எவ்வளவு என்று ஆள் அனுப்பிப் பார்ப்பது அவருடைய வழி. சதுரம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? வயல்கள் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால், சதுரத்தின் பரப்பை இரண்டு மடங்காக்கும்போது மாறுபாடு பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். அப்படிக் குறையவில்லை. ஒரு வயலில் சணல் என்றால் பக்கத்து வயலிலும் சணலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தண்ணீரும் மண்ணும் ஒன்று, விதைத்த குடும்பமும் சில வேளை ஒன்று. ஆகவே சதுரத்துக்குள் புதிதாகச் சேரும் ஒவ்வொரு வயலும் முழுச் செய்தியைக் கொண்டுவருவதில்லை. வெவ்வேறு அளவுச் சதுரங்களை எடுத்து, பிழை எந்த வேகத்தில் குறைகிறது, செலவு எந்த வேகத்தில் ஏறுகிறது என்று அளந்து, இரண்டையும் சேர்த்துப் பார்த்து உகந்த அளவை முடிவு செய்தார். 1944இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்த நீண்ட கட்டுரையில் இந்த வேலை முழுவதும் பதிவாகியிருக்கிறது.

இதைவிட ஆழமான இன்னொரு கருவியும் அந்தக் கணக்கெடுப்பில் இருந்தது. ஒரே பகுதிக்கு ஒரே மாதிரியை எடுக்காமல், ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவிய இரண்டோ அதற்கு மேலோ துணைமாதிரிகளை மஹலநோபிஸ் எடுத்தார். ஒவ்வொன்றும் தனியாக, சமவாய்ப்பில், முழுப் பகுதியையும் தழுவி எடுக்கப்பட்டது. ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆட்கள் அளந்தார்கள். இரண்டு துணைமாதிரிகளும் தனித்தனியே ஒரு மதிப்பீட்டைத் தரும். அவற்றின் சராசரியே இறுதி மதிப்பீடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் பாதியே அதன் திட்டப்பிழைக்கு ஒரு மதிப்பீடு. எந்தச் சூத்திரமும் இதற்குத் தேவையில்லை. ஒரு சூத்திரத்தால் பார்க்க முடியாததையும் இது பார்த்தது: அளந்தவரின் அசட்டை, நேரில் போகாமலே எழுதிய எண், வரைபடத்தைத் தவறாகப் படித்தது எல்லாமே அந்த வித்தியாசத்தில் வந்து சேர்ந்துவிடும். திரும்பத் திரும்ப எடுக்கும் அலகு வயலோ சதுரமோ அல்ல, ஆளும் பயணமும் பிழையும் அடங்கிய ஒரு முழுக் கணக்கெடுப்பே அலகு என்ற தீர்மானம் இதற்கு அடியில் இருக்கிறது. எனக்கு இது அந்தக் காலத்தின் மிகப் பெரிய சிந்தனைப் பாய்ச்சலாகத் தோன்றுகிறது.

மஹலநோபிஸ் ஒரே தரவிலிருந்து திரும்பத் திரும்ப எடுக்கவில்லையே, உண்மையான வயல்களுக்கு இரண்டு தடவை ஆள் அனுப்பினார், அதை எப்படி பூட்ஸ்ட்ராப் வரலாற்றில் சேர்ப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எஃப்ரான் செய்ததை அவருக்கு முன்பே நாம் செய்துவிட்டோம் என்று உரிமை கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது இருவருக்குமே அநீதி. மாதிரியையே மக்கள்தொகையாகப் பாவித்து அதிலிருந்து எடுக்கலாம் என்ற துணிவும், அது எப்போது செல்லும் என்ற கணிதமும் 1979இலும் அதற்குப் பிறகும் வந்தவை. ஆனால் பூட்ஸ்ட்ராப் கோட்பாட்டை வளர்த்தவர்களில் முதன்மையானவரான ஆஸ்திரேலியர் பீட்டர் ஹால், இந்த முறையின் முன்வரலாற்றைப் பற்றி 2003இல் எழுதியபோது மஹலநோபிஸுக்கே தனிக் கவனம் கொடுத்தார். அண்டையில் உள்ளவை ஒன்றையொன்று சார்ந்திருக்கும்போது துண்டாக அல்லாமல் தொகுதியாக எடுக்க வேண்டும் என்ற எண்ணம் வங்காள வயல்களில் ஏற்கனவே வேலை செய்துகொண்டிருந்தது என்பது அவருடைய கணிப்பு. மரபு என்று நான் சொல்வது அந்தக் கேள்வியின் மரபைத்தான்.

பொருளாதார அளவியலின் பக்கம் வந்தால், சூத்திரத்தின் மேல் சந்தேகம் முதலில் காலத்தொடர்களில் எழுந்தது. 1974இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் கிளைவ் கிராஞ்சரும் பால் நியூபோல்டும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு தொடர்களைக் கணினியில் உருவாக்கினார்கள். ஒவ்வொன்றும் சமவாய்ப்பு நடை: இன்றைய மதிப்பு நேற்றைய மதிப்போடு ஒரு தற்செயல் எண். ஒன்றின் மேல் மற்றொன்றைத் தொடர்புப்போக்குக் கணக்கில் பொருத்தி, டி-சோதனை செய்தார்கள். நூறில் ஐந்து தடவை மட்டும் வர வேண்டிய ‘தொடர்பு உண்டு’ என்ற தீர்ப்பு, நான்கில் மூன்று பங்கு தடவை வந்தது. யூல் 1926இல் எச்சரித்ததையே அவர்கள் எண்ணில் காட்டினார்கள். ஆனால் அந்த இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ ஆய்வுகள் அதே தவற்றின் மேல் கட்டப்பட்டிருந்தன. 1979இல், எஃப்ரானின் கட்டுரை வந்த அதே ஆண்டில், டேவிட் டிக்கியும் வேய்ன் ஃபுல்லரும் ஒரு தொடர் சமவாய்ப்பு நடைதானா என்று சோதிக்கும் முறையை வெளியிட்டார்கள். அந்தச் சோதனைக்கு வழக்கமான அட்டவணை உதவாது என்பதால், எல்லை மதிப்புகளை உருவகப்படுத்தியே கண்டார்கள். 5 சதவீத மட்டத்தில் வழக்கமான எல்லை −1.65 என்றால், மாறிலி சேர்ந்த சமன்பாட்டுக்கு அவர்கள் கண்டது −2.86. இந்த இடைவெளிக்குள் விழுந்த முடிவுகள் எல்லாமே பழைய அட்டவணையில் வென்று, புதியதில் தோற்றன.

பூட்ஸ்ட்ராப்பைப் பொருளாதாரச் சமன்பாட்டில் வைத்துப் பார்த்தவர்களில் முன்னோடிகள் பெர்க்லியின் டேவிட் ஃப்ரீட்மனும் ஸ்டீஃபன் பீட்டர்ஸும். அமெரிக்கத் தொழில்துறையின் எரிசக்தித் தேவையை மதிப்பிடும் ஒரு மாதிரியமைப்பை எடுத்து, அதன் எச்சங்களிலிருந்து (சமன்பாடு விளக்காமல் விட்ட மீதங்களிலிருந்து) மறுபடி எடுத்து 1984இல் கணக்கிட்டார்கள். பாடநூல் சூத்திரம் தந்த திட்டப்பிழைகள் உண்மையைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வரை சிறியவை என்று தெரிந்தது. மூன்று மடங்கு என்பது கொள்கை முடிவையே புரட்டிப்போடும் அளவு. இதற்கு முன்பே, 1981இல், கேசர் சிங் இரண்டு உண்மைகளை நிறுவியிருந்தார். தரவுத் துண்டுகள் ஒன்றையொன்று சாராதபோது பூட்ஸ்ட்ராப் இயல்நிலைத் தோராயத்தைவிடத் துல்லியமானது; சார்ந்திருக்கும்போது, துண்டு துண்டாக எடுத்தால் அது தவறிவிடும். முதல் உண்மை எல்லோரையும் எட்டியது. இரண்டாவது மெல்லத்தான் எட்டியது. 1986இல் ஜெஃப் வூ, பிழையின் அளவு ஆளுக்கு ஆள் மாறும்போது எச்சங்களைக் கலைக்கக் கூடாது, அந்தந்த எச்சத்தை அதன் இடத்திலேயே வைத்து ஒரு தற்செயல் எண்ணால் பெருக்க வேண்டும் என்றார். 1989இல் சூரிக்கின் ஹான்ஸ் கூன்ஷ், காலத்தொடரை ஒன்றன்மேல் ஒன்று படியும் நீளத் தொகுதிகளாக வெட்டி, தொகுதிகளையே எடுக்கச் சொன்னார். தொகுதிக்குள் நேற்றும் இன்றும் பிரியாமல் இருக்கும். மஹலநோபிஸின் சதுரம் இங்கே காலக் கோட்டின் மேல் மறுபடி வரையப்பட்டிருக்கிறது. அதன் நீளம் எவ்வளவு என்ற பழைய கேள்வியும் கூடவே வந்தது.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திட்டப்பிழையை அளப்பது வேறு, கருதுகோளைச் சோதிப்பது வேறு. சோதனைக்கு, விளைவே இல்லை என்ற இன்மைக் கருதுகோள் மெய்யாக இருக்கும் ஓர் உலகத்தைப் படைத்து, அதில் நம் எண் எவ்வளவு அபூர்வமாக வரும் என்று பார்க்க வேண்டும். கையில் உள்ள தரவிலோ விளைவு இருக்கலாம். அதிலிருந்து அப்படியே எடுத்தால் அந்த விளைவும் கூட வந்துவிடும். 1991இல் ஹாலும் சூசன் வில்சனும் இதை ஒரு நெறியாகவே எழுதிவைத்தார்கள். அதே ஆண்டில் ஈஸ்வர் பசவாவும் உடன் ஆய்வாளர்களும் சமவாய்ப்பு நடையில் இது எப்படி உயிர்நாடியாகிறது என்று காட்டினார்கள்: மதிப்பிட்ட கெழுவைக் கொண்டு தொடரை மறுபடி உருவாக்கினால், மாதிரி எவ்வளவு பெரிதானாலும் பூட்ஸ்ட்ராப் சரியான பரவலை எட்டுவதே இல்லை. எத்தனை தடவை எடுப்பது என்பதோ, இதற்கு மாறாக, எளிதில் தீர்ந்த விஷயம். ஜார்ஜ் பார்னார்ட் 1963இலேயே, உருவகப்படுத்திய 99 எண்களோடு மெய்யான எண்ணையும் சேர்த்து நூறில் அதன் இடத்தைப் பார்த்தால் போதும் என்று சொல்லியிருந்தார். இன்று கட்டுரைகளில் 999 என்றும் 9,999 என்றும் பெருமையாக எழுதப்படும் எண்களின் ஊற்று அதுவே. அந்த எண்ணைக் கூட்டுவதால் தவறான அலகு சரியாகிவிடாது.

இதை யாராலும் மறுக்க முடியாதபடி காட்டியது 2004இல் மரியான் பெர்ட்ராண்ட், எஸ்தர் டுஃப்லோ, செந்தில் முல்லைநாதன் மூவரும் வெளியிட்ட கட்டுரை. ஒரு மாநிலத்தில் புதுச் சட்டம் வருகிறது, பக்கத்து மாநிலத்தில் வரவில்லை. சட்டத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிலும் கூலி எப்படி மாறியது என்ற வித்தியாசங்களின் வித்தியாசத்தைப் பார்த்துச் சட்டத்தின் விளைவைச் சொல்வது அன்றைக்கு (இன்றைக்கும்தான்) மிகப் பரவலான முறை. இந்த மூவரும் 1979 முதல் 1999 வரையிலான அமெரிக்கப் பெண்களின் கூலித் தரவை எடுத்துக்கொண்டு, ஐம்பது மாநிலங்களில் பாதியைச் சமவாய்ப்பில் தேர்ந்து, 1985க்கும் 1995க்கும் இடையே ஏதோ ஓர் ஆண்டில் அங்கே ஒரு சட்டம் வந்ததாகக் கற்பனை செய்தார்கள். அப்படி ஒரு சட்டமே இல்லை. ஆகவே நூறு தடவை செய்தால் ஐந்து தடவைதான் ‘விளைவு உண்டு’ என்று வர வேண்டும். நடைமுறையில் இருந்த கணக்கீட்டில் 45 தடவை வரை வந்தது. காரணம் மஹலநோபிஸுக்கு வியப்பளித்திருக்காது. லட்சக்கணக்கான பெண்கள் தரவில் இருந்தாலும், ஒரு மாநிலத்தின் இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஒரே பொருளாதார அலையில் மிதக்கின்றன. சட்டமோ ஒரு மாநிலத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது. உண்மையான அலகு பெண்ணும் அல்ல, ஆண்டும் அல்ல. மாநிலத்தின் முழு வரலாறே ஓர் அலகு. மாநிலத்தை அதன் எல்லா ஆண்டுகளோடும் ஒரே தொகுதியாக மறுபடி எடுத்தபோது, மாநிலங்கள் போதுமான அளவு இருக்கும் வரை, சோதனை சொன்ன சொல்லைக் காத்தது.

தொகுதிகளைக் கணக்கில் கொள்ளும் திட்டப்பிழைச் சூத்திரங்கள் 1980களிலேயே இருந்தனவே, இதற்கு எதற்கு உருவகமும் மறுமாதிரியும் என்று ஒருவர் மறுக்கலாம். சூத்திரம் இருந்தது, எது தொகுதி என்று அதற்கும் ஆய்வாளர்தான் சொல்ல வேண்டியிருந்தது. சூத்திரத்தில் அந்த முடிவு ஒரு கட்டளைச் சொல்லின் ஓரத்தில் மறைந்துபோகும். மறுமாதிரியில் அது மறையாது. எதை எடுக்கிறோம் என்று எழுதாமல் ஒரு மாதிரியைக்கூட எடுக்க முடியாது. இல்லாத சட்டத்தைப் புகுத்திப் பார்த்த உருவகம்தான் சூத்திரத்தைத் தவறாகப் பயன்படுத்தும் பழக்கத்தை வெளிக்கொண்டுவந்தது என்பதையும் மறக்கக் கூடாது. தரவிலிருந்தே தரவைப் பெருக்குவது இல்லாததை இருப்பதாகக் காட்டும் வித்தை என்ற பழைய குற்றச்சாட்டும் இங்கேதான் விடை பெறுகிறது. பூட்ஸ்ட்ராப் ஒரு துளி புதுச் செய்தியையும் சேர்ப்பதில்லை. சரியான அலகில் செய்தால், நம்மிடம் செய்தி எவ்வளவு குறைவு என்பதையே அது அம்பலப்படுத்துகிறது. 2008இல் கேமரான், கெல்பாக், மில்லர் மூவரும், தொகுதிகள் ஐந்திலிருந்து முப்பது வரை மட்டுமே இருக்கும்போது சூத்திரம் எவ்வளவு தாராளமாக ‘விளைவு உண்டு’ என்று சொல்கிறது என்று காட்டினார்கள். அவர்கள் தந்த மாற்று: இன்மைக் கருதுகோளின்கீழ் எச்சங்களைக் கணக்கிட்டு, ஒவ்வொரு மாநிலத்தின் எச்சங்கள் அனைத்தையும் சேர்த்து ஒரே நாணயச் சுண்டலில் அப்படியே விடுவது அல்லது குறியை மாற்றுவது. ஆறு மாநிலங்கள் என்றால் இப்படி வரக்கூடிய வகைகள் மொத்தம் 64. கணினியை 9,999 தடவை ஓடவிட்டாலும் அந்த 64தான் திரும்பத் திரும்ப வரும்.

இந்தியாவின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1950இல் தொடங்கியபோது மஹலநோபிஸின் ஊடுருவும் துணைமாதிரிகளை அப்படியே ஏற்றது. அதன் தரவுக் கோப்புகளில் ஒவ்வொரு குடும்பத்தின் வரியிலும் துணைமாதிரி எண் என்று ஒரு பத்தி உண்டு. மாநிலச் சட்டங்களின் விளைவை இந்தத் தரவில் தேடுகிறவர்கள், குடும்பங்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல், அந்தப் பத்தியையும் முதல்நிலை அலகான கிராமத்தின் எண்ணையும் மாநிலத்தையும் வைத்து யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் மாநிலங்களின் எண்ணிக்கை அமெரிக்காவைவிடக் குறைவு. ஆகவே அங்கே ஏற்பட்ட பிழை இங்கே இன்னும் பெரிதாகவே இருக்க வாய்ப்பு.

இந்தக் கேள்வியின் கடைசி எல்லை, சட்டம் ஒரே ஒரு மாநிலத்தில் வந்த நிலை. கலிஃபோர்னியா 1988இல் மக்கள் வாக்கெடுப்பில் சிகரெட் பாக்கெட்டுக்கு 25 சென்ட் வரி கூட்டியது. 2010இல் ஆல்பர்டோ அபாடியும் அலெக்சிஸ் டயமண்டும் யென்ஸ் ஹைன்முல்லரும் அதன் விளைவைச் சோதித்தபோது, அப்படி வரி கூட்டாத 38 மாநிலங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, அங்கேதான் சட்டம் வந்தது என்று பாவித்து அதே கணக்கைச் செய்தார்கள். 39 மாநிலங்களில் கலிஃபோர்னியாவின் மாற்றமே மிகப் பெரியது; ஆகவே நிகழ்தகவு 39இல் ஒன்று, 0.026. கணக்கில் குறையில்லை. ஆனால் கலிஃபோர்னியாவைச் சீட்டுக் குலுக்கி யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. புகையிலை எதிர்ப்பு ஏற்கனவே வலுத்திருந்த மாநிலம் அது. சட்டம் அங்கே வந்ததற்கும் புகைத்தல் அங்கே குறைந்ததற்கும் ஒரே காரணம் இருக்கக்கூடும். வங்காளத்தில் புள்ளி எங்கே விழ வேண்டும் என்பதை மஹலநோபிஸ் தற்செயலிடம் விட்டார், ஆகவே தற்செயலை அளவுகோலாக்க அவருக்கு உரிமை இருந்தது. இங்கே அந்த உரிமையை ஆய்வாளர் வாதத்தால் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது: மற்ற 38இல் எதுவும் அந்த இடத்தில் இருந்திருக்கலாம் என்று வாசகரை நம்பவைக்க வேண்டும். நம்பவைத்த பிறகும், 0.026க்குக் கீழான ஒரு நிகழ்தகவை இந்த 39 மாநிலங்களிலிருந்து எந்தக் கணினியாலும் பெற முடியாது.